பாட்டியின் 555 புத்தகம்

2019இல் முதல் சம்பளம் வந்த வாரம். சனிக்கிழமை நண்பர்களைப் பார்க்கக் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கொமுட்டர் ஏறினேன். ரயில் கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் கைப்பேசி எக்செலில் என் எதிர்காலத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்து முடித்துவிட்டேன். தேவைக்கு 50 விழுக்காடு, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20. யூடியூபில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னாலும் எண்கள் மட்டும் மாறாத அந்தப் பிரபலமான சூத்திரம்தான்.

சம்பளம் 2,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அப்புறம் சொக்சோ, அது இது போகக் கையில் வந்தது 2,385 வெள்ளி சொச்சம். பிடிபிடிஎன் கல்விக்கடன் 180, மைவி கார் தவணை 460, பெட்ரோல், டோல் 350, கைப்பேசி 58. கூட்டினால் 1,048. வருமானத்தில் 44 விழுக்காடு. தேவைக் கட்டத்தில் அழகாக அடங்கிவிட்டது. மீதம் ஒரே ஒரு வரிதான் இருந்தது: அம்மாவுக்கு 500. அதையும் தேவையில் போட்டால் 65 விழுக்காடாகி அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும். விருப்பத்தில் போட்டால் மூன்று கட்டமும் பச்சை. விருப்பத்தில் போட்டேன்.

அன்று இரவு பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். கோப்பு ஆங்கிலத்தில் இருந்தது.

“‘வாண்ட்ஸ்’னா என்னடா?”

“ஆசைப்பட்டுச் செய்ற செலவும்மா. சினிமா, வெளிய சாப்பிடறது, அந்த மாதிரி.”

“அம்மாவுக்குக் குடுக்குறதும் சினிமாவும் ஒரே டப்பாவா?”

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்துவிட்டார். போகிற போக்கில், “ஒங்க பாட்டி புத்தகம் அலமாரில கெடக்கு, கணக்கு எழுதறதுன்னா என்னன்னு பாரு” என்றார். அப்போது பார்க்கவில்லை. 2021இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோதுதான் அந்த மைலோ டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஏழு 555 புத்தகங்கள்.

555 புத்தகம் இங்கே எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கைக்குள் அடங்கும், அட்டையில் மூன்று ஐந்து போட்ட குறிப்புப் புத்தகம். மளிகைக் கடைக் கடன் என்றாலே அதுதான். மலாய்க்காரர்களும் ‘தீகா லீமா’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். பாட்டி காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தாத்தாவும் அங்கேதான். புத்தகங்களில் பழையது 1974 கடைசியில் தொடங்குகிறது. முன்பக்கத்திலிருந்து கடைக்காரர் கையெழுத்து: அரிசி, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய், டின் பால். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் பாட்டியின் கையெழுத்து. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து. பெரிது பெரிதாக, கோட்டைத் தாண்டி.

இதைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்குள் இன்னொரு பக்கம் நான் நம்பிய சூத்திரத்தின் கதையையும் தேடிப் போனேன். அது எங்கிருந்து வந்தது?

50-30-20 பரவியது 2005இல் எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா வாரன் தியாகியும் எழுதிய ‘ஆல் யுவர் வொர்த்’ என்ற புத்தகத்திலிருந்து. வாரன் அப்போது ஹார்வர்டில் திவால் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அமெரிக்க செனட்டர். திவாலான குடும்பங்களை வருடக்கணக்காக ஆராய்ந்தவர். அவர் கண்டது, ஜனங்கள் காப்பி குடித்தும் சட்டை வாங்கியும் அழியவில்லை, வீட்டுத் தவணை, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு என்று தவிர்க்கவே முடியாத செலவுகள் வருமானத்தை விழுங்கியதால்தான் அழிந்தார்கள் என்பது. அந்த 50 என்ற எல்லை எச்சரிக்கைக் கோடாகத்தான் வந்தது. யூடியூப் வாத்தியார்கள் அந்தக் கோபத்தைக் கழற்றி வைத்துவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

ஆனால் குடும்பச் செலவை நூற்றில் இத்தனை என்று பார்க்கும் பழக்கம் இன்னும் பழையது. 1857இல் ஜெர்மனியின் சாக்சனியில் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற புள்ளியியலாளர், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார். (மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் வேறு ஆள். நானும் முதலில் குழம்பினேன்.) உதவிப் பணத்தில் வாழ்ந்த மிக ஏழைக் குடும்பங்கள் செலவில் ஏறக்குறைய 71 விழுக்காட்டை உணவுக்கே கொடுத்தன. அடுத்த படியில் இருந்தவர்கள் 67, கொஞ்சம் வசதியானவர்கள் 62. வருமானம் குறையக் குறைய உணவின் பங்கு ஏறும். இதை எங்கெல் விதி என்கிறார்கள். இன்றைக்கும் அரசாங்கங்கள் வறுமையை அளக்கும்போது இந்த விதி எங்கோ பின்னால் நின்றுகொண்டிருக்கிறது.

நான் உடனே செய்தது என்ன என்று யூகிப்பது கடினமில்லை. 1975 ஆறாம் மாதம். கடைக் கணக்கும் சம்பளமும் இரண்டுமே தெளிவாக எழுதியிருந்த முதல் மாதம் அது. தாத்தா பாட்டி இருவருக்கும் சேர்த்துச் சம்பளம் 214 வெள்ளி 40 காசு. கடைக்குக் கட்டியது 126. ஏறக்குறைய 59 விழுக்காடு. எங்கெலின் வசதியான குடும்பத்தைவிட மூன்று புள்ளி மேல்! 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியத்தை என் பாட்டி தோற்கடித்துவிட்டார் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். லயத்துக்குப் பின்னால் போட்ட கீரையும் வெண்டைக்காயும், வாய்க்காலில் பிடித்த மீனும் கணக்கில் வராது என்பதை நான் யோசிக்கவில்லை. அதைவிடப் பெரியது ஒன்றையும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தோட்டத் தமிழருக்கு முதன்முதலில் குடும்ப பட்ஜெட் போட்டவர்கள் தமிழர்கள் இல்லை. 1923இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்கீழ், இந்தியத் தொழிலாளருக்கு அடிப்படைக் கூலி நிர்ணயிக்கும் அதிகாரம் இந்தியக் குடியேற்றக் குழுவுக்குக் கொடுக்கப்பட்டது. குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் தோட்டத் தரப்பும். ஒரு கூலிக்கு மாதம் அரிசி எவ்வளவு, மிளகாய் மல்லி எவ்வளவு, துணிமணி எவ்வளவு என்று பட்டியல் போட்டு, கூட்டி, நாளுக்கு வகுத்தார்கள். 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு வந்த விடை: ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. உள்நாட்டுப் பகுதிகளில் கொஞ்சம் கூடுதல்.

ஒரே மரத்தை வெட்டும் பெண்ணுடைய நூறு, ஆணுடைய எண்பது. கூலி எண்களைப் பட்டியலாகப் பார்க்கும்போது கண் நேராக அங்கேதான் போகிறது.

உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்ததும், 1930இல் 50 காசு 40 ஆனது, 40 காசு 32 ஆனது. சரியாக 20 விழுக்காடு வெட்டு. எக்செலில் நான் சேமிப்பென்று போட்டுப் பச்சை அடித்த அதே 20. அதற்குப் பிறகு இன்னும் கீழே போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். 1936 இறுதியில் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் வந்து தோட்டங்களைப் பார்த்தார். அவர் அறிக்கை 1937இல் வெளியானது. கூலி மறுபடி 50க்கு ஏறியது. 1938இல் மறுபடி குறைத்தார்கள். அந்த வருடமே இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. பட்டியலில் இருந்த அரிசியும் மிளகாயும் மாறவில்லை. ரப்பர் விலைதான் மாறியது. வயிற்றை வைத்துக் கணக்குப் போட்டதாகச் சொன்னவர்கள், லண்டன் சந்தையை வைத்துத்தான் திருத்தினார்கள்.

அப்புறம் கிள்ளான். 1941இன் முதல் பாதியில், இன்று தெங்கு கிளானா சாலையில் நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற இந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னால் நின்றார். கோரிக்கைப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி என்பது அதில் உண்டு. கூடவே கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும், பெண்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, தோட்டத்துக்குள் துரைக்கு எதிரே சைக்கிளில் போக அனுமதி வேண்டும். பாட்டியின் அப்பா அந்தக் காலத்து ஆள். “தொர வந்தா சைக்கிள விட்டு எறங்கி ஓரமா நிக்கணும்” என்று பாட்டி சொல்லிக் கேட்டதாக அம்மாவுக்கு ஞாபகம். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன, ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

கூலியும் கள்ளும் ஒரே பட்டியலில் ஏன் இருந்தன என்பது பாட்டி புத்தகத்தில் எனக்குப் புரிந்தது.

1975 ஆறாம் மாதத்துக்கே திரும்புகிறேன். கடைக்கு 126. கூட்டுக்கு 20. பள்ளிக்கூட பஸ்ஸும் கோயில் வரியும் சேர்த்து 14. மொத்தம் 160. சம்பளம் 214.40. மிச்சம் 54 வெள்ளி 40 காசு எங்கே? முழுச் சம்பளத்தில் கால்வாசி. அடுத்த மாதமும் அப்படித்தான், அதற்கடுத்ததும். சேமிப்பா, பாட்டி தனியாக எங்காவது எழுதினாரா என்று ஏழு புத்தகத்தையும் புரட்டினேன். அம்மாவிடம் கேட்டேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே சொன்னார்: “அது தாத்தா கையில இருந்த காசு. வீட்டுக்கு வரவே இல்ல. வராத காசுக்கு எப்படிடா கணக்கு எழுதுறது?”

புத்தகத்தில் கள்ளுக்கடை என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

இப்போது கணக்கை மறுபடி போட்டேன். பாட்டியின் நூறு 214.40 கிடையாது. 160. அதில் கடைக்குப் போனது 126. ஏறக்குறைய 79 விழுக்காடு. எங்கெலின் பட்டியலில் உதவிப் பணத்தில் வாழ்ந்த பெல்ஜியக் குடும்பத்துக்கும் கீழே. அதே வீடு, அதே மாதம், அதே அரிசி. 59 என்பதா, 79 என்பதா? யாருடைய கையிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. 1920களில் குழு போட்ட பட்டியலிலும் சரி, வாரன் சூத்திரத்திலும் சரி, என் எக்செலிலும் சரி, குடும்பம் என்றால் ஒரு பை, அதற்குள் விழுகிற காசு எல்லோருக்கும் பொது. அந்த நம்பிக்கை இல்லாத வீட்டில் விழுக்காடு பாதி உண்மையைத்தான் சொல்லும்.

தாத்தாவைக் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. விடிவதற்கு முன் எழுந்து, கொசுக்கடியில், நாளுக்கு நூற்றுக்கணக்கான மரம் வெட்டிய மனிதர். சாயங்காலம் தோட்டத்துக்குள் அவருக்காக நிர்வாகத்தின் ஆசியோடு திறந்திருந்த ஒரே பொழுதுபோக்கு அந்தக் கடைதான். ஆனால் பாட்டியும் அதே மரத்தைத்தான் வெட்டினார்.

இன்னொரு விஷயம் அந்தப் பின்பக்கங்களில் இருக்கிறது. பாட்டி மாதம்தோறும் முதலில் எழுதியது வெள்ளியை இல்லை, நாளை. ‘1ம் மாசம் 24. 2ம் மாசம் 21. 11ம் மாசம் 15.’ பெரட்டில் பேர் கொடுத்து வெட்டப் போன நாட்கள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரம் முழுக்க வழிந்து வீணாகும். இலை கொட்டும் காலத்தில் பாலே குறைந்துவிடும். ஆக மாதம் முடிந்த பிறகுதான் அந்த மாதத்தின் நூறு என்னவென்று தெரியும். முன்கூட்டியே அதில் 50, 30, 20 எப்படி எடுப்பது?

பாட்டி பங்கு பிரிக்கவில்லை, வரிசை வைத்திருந்தார். சம்பள நாளில் முதலில் கூட்டு. அடுத்து கடை. அடுத்து பஸ். மழை மாதத்தில் கடையில் பாதி கட்டி மீதியை 555இல் ஏற்றிக்கொண்டார். கூட்டு மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை. 15 நாள் வெட்டிய அந்த 11ஆம் மாதத்திலும் ‘கூட்டு 20’ இருக்கிறது.

கடைக்கு முன்னால் கூட்டு ஏன் என்பது முதலில் எனக்கு விளங்கவில்லை. பசிதானே முதல் தேவை? யோசித்தால், கடைக்காரர் காத்திருப்பார்; அவருக்கு அது வியாபாரம். கூட்டுக் கட்டும் பத்துப் பெண்களில் ஒருத்தி நிறுத்தினால் அந்த மாதம் எடுக்க வேண்டியவள் கையில் 200க்குப் பதில் 180தான் இருக்கும். அவள் பக்கத்து லயத்தில் இருக்கிறாள். மைலோ டப்பாவில் வைக்கும் காசைத் தாத்தா எடுத்துவிடலாம். பத்து வீட்டில் பரவிக் கிடக்கும் காசை எந்தத் தாத்தாவாலும் எடுக்க முடியாது. இப்படிச் சேர்த்த காசில்தான் அம்மாவுக்கு ஐந்தாம் படிவம் வரை புத்தகமும் சீருடையும் வாங்கியிருக்கிறார். சமூகவியலாளர் விவியானா ஜெலைசர் 1994இல் எழுதிய பணத்தைப் பற்றிய புத்தகத்தில், நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்க வீடுகளில் பெண்கள் வாடகைக்கு ஒரு டப்பா, மளிகைக்கு ஒரு டப்பா என்று காசுக்குக் காசு பேர் வைத்த கதையை விரிவாகச் சொல்கிறார். காப்பாரில் டப்பா போதவில்லை. ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இந்த நாட்டின் சட்டப் புத்தகத்துக்குள் நம்முடைய அந்தச் சொல் இருப்பது பலருக்குத் தெரியாது. 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம். ஆங்கிலத் தலைப்பிலேயே ‘கூட்டு’ என்றுதான் இருக்கிறது. மலாயில் ‘குத்து’ என்பார்கள். கூட்டு, சீட்டு, சீனர்களின் ஹூய், எல்லாவற்றையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்து, அதைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்தது. ஏமாற்றிவிட்டு ஓடியவர்கள் உண்டு, சட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் நாம் கொடுத்த சொற்களில் ஒன்று தடைச் சட்டத்தின் பேராகப் போய் உட்கார்ந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஒரு மாதிரியாகவும் இருக்கிறது.

மாதச் சம்பளம் வாங்கிய தமிழர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பிரிக்பீல்ட்ஸுக்குத்தான் போக வேண்டும். பேரே சொல்வதுபோல் செங்கல் சூளை ஊர். பிறகு ரயில்வே ஊர். இலங்கைத் தமிழர்களும் மற்றவர்களும் கிராணிகளாக, ஸ்டேஷன் மாஸ்டர்களாக வேலை பார்த்தார்கள். அரசு ஊழியருக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வரிசை வீடுகளுக்கு நூறு குவார்ட்டர்ஸ் என்றே பேர். இப்போது இடித்துவிட்டார்கள். அந்த நூறு வீடுகளில் நூறு என்பது மாதக் கடைசியில் தவறாமல் வரும், மழை பெய்தாலும் வரும், வேலை ஓய்ந்ததும் ஓய்வூதியமாக வரும். கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஒரு முனையில் விழுக்காடு போட முடிந்தது, மறுமுனையில் முடியவில்லை. நம் சமூகத்தில் யார் சிக்கனம், யார் ஊதாரி என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அதே பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலைக்குத் துன் சம்பந்தன் பேர். தலைவாழை இலைச் சாப்பாட்டுக்கு நாம் எத்தனையோ தடவை நடந்த சாலை. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, வேலையோடு வீடும் போய்விடும் என்ற பயத்தில் இருந்த தொழிலாளர்களிடம் அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்குப் பணம் கேட்டார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அடுத்த வருடம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். வங்கிக் கணக்கே இல்லாத நாள்கூலிகள் சிறு சிறு தவணையாகக் கட்டிய காசு. பொருளாதாரப் பாடத்தில் இதைக் கூட்டுறவு என்பார்கள். பாட்டிக்கு இது பெரிய கூட்டு, அவ்வளவுதான்.

ஊழியர் சேமநிதியை எங்கே வைப்பது என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம். அதுவும் மேலிருந்து வந்த விழுக்காடுதான். 1951இல், நாடு சுதந்திரம் அடையும் முன்பே, ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம். தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5. 1975 நடுவில் தொழிலாளிக்கு 6, முதலாளிக்கு 7. 1980 இறுதியில் 9, 11. 1996இலிருந்து தொழிலாளிக்கு 11. கேட்காமலே பிடித்தார்கள். ஓய்வூதியம் தருவதைவிட இது அரசுக்கு மலிவு என்று சொல்கிறவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தாத்தாவின் கைக்கும் எட்டாத ஒரே காசு அதுதான். 55 வயதில் தோட்டம் அவரை லயத்தைவிட்டுக் காலி செய்யச் சொன்னபோது, அந்தப் பணத்தில்தான் கிள்ளானில் மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். இந்தக் கட்டுரையை அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அரசாங்கம் பாட்டியின் தந்திரத்தைத்தான் செய்திருக்கிறது: விழுக்காட்டை வரிசையில் முதலில் வைத்துவிட்டது. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே.

அதை உடைத்த கை என்னுடையது. 2021இல் அப்பாவின் லாரிக்கு ஓட்டம் இல்லை, அம்மாவின் தொழிற்சாலையில் கூடுதல் வேலை நேரம் நின்றுபோனது, தங்கைக்கு ஆன்லைன் வகுப்புக்கு மடிக்கணினி வேண்டும். கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இல் சிறப்புத் தொகை என்று நான்கு முறை சேமநிதியைத் திறந்துவிட்டார்கள். நாடு முழுக்க வெளியே போனது 145 பில்லியன் வெள்ளி. அதில் 5,000 அம்மாவுடையது. அவருக்குச் செயலி தெரியாது. வீட்டில் பொறியாளர் நான்தானே. ‘உறுதி செய்க’ என்ற பொத்தானை நான்தான் அழுத்தினேன். அழுத்துவதற்கு முன், 55 வயதில் குறைந்தது 240,000 இருக்க வேண்டும் என்று சேமநிதி வாரியம் அப்போது சொன்னதையும், அது மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 வருடத்துக்குத்தான் வரும் என்பதையும் அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, “சரி, தங்கச்சி வகுப்பு எத்தன மணிக்கு?” என்றார். என் 20 விழுக்காடு அந்த மாதம் வங்கியில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சேமிப்புக் கட்டத்தைத் தொடக் கூடாது என்பது சூத்திரம்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. பாட்டி புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த அதே வாரங்கள்தான் அவை.

50-30-20 பொய் என்று சொல்ல வரவில்லை. தனியாக இருந்து, மாதச் சம்பளம் வாங்கி, எங்கே போகிறதென்று தெரியாமல் திணறுகிறவருக்கு அது உதவும். எனக்கே இரண்டு கடன் அட்டைகளை அடைக்க உதவியது. அந்த நூறு எங்கிருந்து வந்தது, யார் கையில் நிற்கிறது, யார் அதை வெட்ட முடியும் என்ற கேள்விகள் அந்த மூன்று கட்டங்களுக்கு வெளியே நிற்கின்றன. நம் வீடுகளில் அந்தக் கேள்விகள்தான் முதலில் வந்தன.

என் எக்செலில் இப்போது அம்மாவின் வரி முதலில் இருக்கிறது. தேவை, விருப்பம் என்ற தலைப்பு அதற்கு இல்லை.

2024 மே 11 முதல் சேமநிதியை மூன்று கணக்காகப் பிரித்துவிட்டார்கள்: 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 வீடு, படிப்பு போன்றவற்றுக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்க. அம்மா சம்பளம் 1,900; அவருடையதும் முதலாளியுடையதும் சேர்ந்து அந்தக் கடைசிக் கணக்கில் மாதம் 45 வெள்ளி சொச்சம் விழும். ஒரு முறைக்குக் குறைந்தது 50 எடுக்க வேண்டும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்னிடம் கைப்பேசியை நீட்டுகிறார். எதற்கு என்று கேட்டேன். தொழிற்சாலையில் எட்டுப் பெண்கள், மலாய்க்காரர் இருவர், ஒரு சீனர், மீதி நம்மவர்கள், கூட்டுக் கட்டுகிறார்களாம். ஏழாம் மாசம் அம்மாவின் முறை. எவ்வளவு வரும், எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதை என் எக்செலில் ஏற்றக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.